ஒப்படைத்ததற்கு ஒரு துண்டு

ஒக்டோபர் 7, 2025, செவ்வாய்

அம்மாவின் வலது மணிக்கட்டில் இன்னும் ஆறு கிழமைக்குப் பட்டை இருக்கவேண்டுமாம். பள்ளிக்கூடச் சமையலறை வேலையில் பாரமான சட்டிகளைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாசித்துச் சொன்னேன். "அப்ப முந்நூறு பள்ளிக்கூடப் பிள்ளையளிட்டையும் பாஸ்தா தானா நடந்து போகுமோ" என்று கேட்டார். ஒரு கையால் சமைக்கிற ஆட்களையும் தனக்குத் தெரியும் என்றார்.

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே வந்தோம். கதவடியில் ஒரு கடிதம். இலங்கை முத்திரை.

ஒவ்வொரு மே மாதமும் அம்மா கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு எழுதுகிறவர். தமிழில், கோடு போட்ட தாளில், ஒரே கடிதம். வயதை மட்டும் மாற்றுவார். 'எனது மகன் கிறிஸ்துநாயகம் கிருசாந்தன், வயது 33.' போன வருடம் 32. பதில் வருவது அருமை. வந்தாலும் 'கிடைத்தது' என்று ஒரு வரிதான். இந்த முறை இரண்டு பக்கம், சிங்களத்தில். ஃபோனைப் பிடித்து மொழிபெயர்த்தேன். கோப்புகளை மீளாய்வு செய்கிறார்கள். இணைத்திருக்கும் படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்று, மரணச் சான்றிதழ் தரும்படி கேட்பது. மற்றது, காணாமல்போனமைச் சான்றிதழ் கேட்பது. ஏதாவது ஒன்றில் அடையாளமிட்டு, இலண்டன் தூதரகத்தில் அதிகாரி ஒருவருக்கு முன்னால் சத்தியக்கடதாசியில் ஒப்பமிட வேண்டும். நவம்பர் முப்பதுக்குள். இல்லாவிட்டால் கோப்பு செயலற்றதாகக் கருதப்படும்.

"ரெண்டே ரெண்டு பெட்டியோ?"

"ஓம் அம்மா."

"சரி. தேத்தண்ணியைப் போடு."

ஒக்டோபர் 8, புதன்

கடிதம் குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது.

ஒக்டோபர் 11, சனி

இந்தக் கொப்பியில் அண்ணாவைப் பற்றி நான் ஒருபோதும் முழுதாக எழுதியதில்லை. ஏன்? என்னைத் தவிர ஒருவரும் இதை வாசிக்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே எழுதத் தேவையில்லை என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

2009 மே. எனக்கு ஒன்பது வயது. அண்ணாவுக்குப் பதினேழு. மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு, இடம் மாறி மாறி, கடைசியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் வந்து நின்றோம். அப்பா அதற்கு இரண்டு வருடம் முந்தியே இலண்டனுக்கு வந்துவிட்டார். மார்ச் மாதம் அண்ணாவை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. பதினொரு நாள் பதுங்குகுழி வெட்டினான். பன்னிரண்டாம் நாள் ஓடி வந்தான்.

களப்புப் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்ததும் ஒலிபெருக்கி. ஒரு நாள் இயக்கத்தில் இருந்தாலும் முன்னுக்கு வாருங்கள், பதிந்துவிட்டு விடுவோம். அண்ணா அசையவில்லை. அம்மாதான் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். "பதினொரு நாள்தானே மோனை, உண்மையைச் சொல்லு, விட்டிடுவினம்." சனம் நிறைய இருந்தது. பஸ்கள் நின்றன. ஏறுவதற்கு முன் அண்ணா தன் செருப்பைக் கழற்றி எனக்குத் தந்தான். என்னுடையது சேற்றில் போயிருந்தது. "போட்டுக்கொண்டு நில். வந்து வாங்கிறன்."

முகாம் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். பெரிய செருப்பு. ஒவ்வொரு அடிக்கும் குதியில் அடித்தது.

எனக்கு இப்போது இருபத்தாறு. என் அண்ணாவைவிட ஒன்பது வயது மூத்தவள்.

மேல் வீட்டுக்காரர் மரப்படியில் செருப்போடு இறங்குவார். நான் தலை நிமிர்த்துவதில்லை. அம்மா நிமிர்த்துவார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இந்த வீட்டில் இலங்கைப் பிரசை அம்மா மட்டும்தான்.

அப்பா அகதியாக வந்து, பிறகு பிரித்தானியப் பிரசையானார். அவர் இறந்த பிறகும் அவருடைய பழைய பயணப் பத்திரம் இன்னும் அலமாரியில் கிடக்கிறது: எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கை தவிர. நாங்கள் இரண்டு பேரும் 2011-இல் அவரிடம் வந்தோம். நான் 2018-இல் விண்ணப்பித்து, சத்தியம் செய்து, நகராட்சி மண்டபத்தில் ஒரு பேனையும் படமும் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா மாட்டேன் என்றார். அவருடைய இலங்கைக் கடவுச்சீட்டு 2016-இல் முடிந்தது. அதைப் புதுப்பிக்கத் தூதரகத்துக்கும் போகவில்லை. பிரித்தானியப் பிரசையாகவும் இல்லை. நிரந்தர வதிவிட அனுமதி ஒன்றில் இருக்கிறார். கோடை விடுமுறைக்குப் பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் கோயில் ஆட்கள் எல்லோரும் பஸ் பிடித்துப் போக, கடவுச்சீட்டு இல்லாத அம்மா மட்டும் அவர்களோடு போகும் ரெஜினா அன்ரியிடம் மெழுகுதிரி கொடுத்துவிடுவார்.

"அங்கத்தையாள் எண்டு இருந்தால்தான் கேக்கலாம் பிள்ளை. வெள்ளைக்காரியாப் போய்க் கேட்டா, உனக்கென்ன எண்டுவாங்கள்."

அம்மா சட்டம் படித்தவர் இல்லை. எட்டாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. நூலகத்தில் சட்டப் பகுதியில் வேலை செய்கிற நான், இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதைப் போய்ச் சரிபார்த்தேன்.

ஒக்டோபர் 18, சனி

கிழமை முழுக்க அரசியலமைப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நாவல் எடுத்தால் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இவை ஓடுகின்றன.

ஹங்கேரியின் அரசியலமைப்பில் ஓர் உறுப்புரை இருக்கிறது. எல்லைக்கு வெளியே வாழும் ஹங்கேரியரின் கதிக்கு அந்த நாடு பொறுப்பேற்கிறதாம். பொறுப்பு. அந்தச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். அயர்லாந்து, வெளிநாடுகளில் வாழும் தன் வம்சாவளியினரோடு தனக்குள்ள உறவைப் போற்றுகிறது. இப்படி இன்னும் சில. எல்லைக்கு அப்பால் வேறொரு நாட்டில் சிறுபான்மையாகக் கிடக்கும் தன் இனத்தைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் எங்கள் ஆட்கள் என்று ஓர் அரசு சொல்வது. அதற்குள்ளும் அரசியல் இருக்கும், அயல் நாட்டுக்கு எரிச்சல் இருக்கும். எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

எங்கள் கணக்கு தலைகீழ். நாங்கள் சிறுபான்மையாக இருந்தது சொந்த நாட்டில். அங்கிருந்துதான் வெளியே வந்தோம். எங்களைப் பார்த்து அந்த வரியைச் சொல்லவேண்டிய அரசு எது? விட்டுவந்த அரசுக்கு, கடல் கடந்த பிறகும் நாங்கள் அதன் சிறுபான்மைதானா? அல்லது விமானம் மேலே எழும்பிய கணத்தில் நாங்கள் வெறும் 'முன்னாள்' ஆகிவிட்டோமா?

இலங்கை அரசியலமைப்பைத் தமிழில் எடுத்தேன். ஒவ்வொரு பிரசைக்கும் இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரம் உண்டு. பதினான்காம் உறுப்புரை. வெளியே போனவனுக்குத்தானே திரும்பிவரும் சுதந்திரம். அண்ணா எங்கேயும் போகவில்லை. நாட்டுக்குள்ளேயே, நாட்டின் பஸ்ஸில் ஏறினான். அவன் இப்போதும் பிரசை. அந்தச் சுதந்திரத்தை இழக்கும்படி அவன் ஒரு கடதாசியிலும் ஒப்பமிடவில்லை. நான்தான் இட்டேன்.

உயிர்வாழும் உரிமை என்று தனியான ஓர் உறுப்புரையைத் தேடினேன். இல்லை. நீதிமன்றங்கள் மற்ற உறுப்புரைகளுக்குள்ளிருந்து அதை வாசித்து எடுத்திருக்கின்றன. வெளியே எழுதாமல் உள்ளே இருப்பது.

பின்னேரம் அம்மாவிடம் ஹங்கேரிக் கதையைச் சொன்னேன். இடது கையால் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவை தங்கடை சனத்தைச் சொல்லியினம். நாங்கள் ஆரின்ரை சனம்?"

நான் வெட்டுப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தியோ, நீயும் இவ்வளவு படிச்சும் பேசாமல் நிக்கிறாய். உள்ளியை உரி."

ஒக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். ஐந்து மணிக்கே இருட்டு.

மேசையில் படிவங்கள். அம்மாவால் எழுத முடியாததால் நான்தான் எழுதுகிறேன். கட்டங்களை வெறுமையாக விட்டேன். பெயர் மட்டும் ஒன்பது இடத்தில் கேட்கிறார்கள். கிறிஸ்துநாயகம் கிருசாந்தன். கிறிஸ்துநாயகம் கிருசாந்தன். பிறந்த இடம், பிறந்த திகதி, 'இறுதியாகக் காணப்பட்டபோது அணிந்திருந்த உடை'. நீலச் சேட். காலில் ஒன்றுமில்லை — அதை எழுதவில்லை.

பிறகு கோயில் உறை. நவம்பர் இரண்டாம் திகதி இறந்தோர் நினைவு நாள். ஒவ்வொரு குடும்பமும் இறந்தவர்களின் பெயர்களை எழுதி உறையில் கொடுக்கும், பூசையில் வாசிப்பார்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அப்பா, அப்பாவின் தாய் தகப்பன், அம்மாவின் தம்பி யேசுதாசன். அம்மா ஒருநாளும் அண்ணாவின் பெயரை அதில் போடுவதில்லை. அவனுக்கு வேறு உறை. மாதத்துக்கு ஒருதரம், 'உயிரோடு இருப்போர்' பக்கம்: கிருசாந்தனின் நலனுக்காக, தாய் எமில்டா. பதினான்கு வருடமாக இந்தக் கோயிலில் அது வாசிக்கப்படுகிறது. ஒரு சுகமான மனிதனுக்கு இவ்வளவு பூசையா என்று புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் குனிந்துகொள்வார்கள்.

2021 குடித்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே பிரச்சினை. தற்காலிகமாக வீட்டில் இல்லாதவர்களும் உண்டா என்று ஒரு கேள்வி. அம்மா ஓம் போடச் சொன்னார். நான் இல்லை என்று போட்டுவிட்டு ஓம் போட்டதாகச் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு

வாசித்தார்கள்.

இறந்தோர் பட்டியலில் அண்ணாவின் பெயரை வாசித்தார்கள்.

நவம்பர் 3, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

பெயர்களை யாக்கோப்பு அங்கிள் வாசித்தார். கோயில் கடதாசி வேலை எல்லாம் அவர்தான். மன்னாரில் பள்ளிக்கூட எழுதுவினைஞர், இங்கே பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம் முதன்முதலாகப் பட்டியலைக் கணினியில் அடித்திருந்தார். அதில் அவருக்குப் பெரிய புழுகமும் பெருமையும். குடும்பம் குடும்பமாக வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் யாராவது எழுந்துபோய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்கள் குடும்பம். அப்பாவுக்கு நான் போனேன். அப்பப்பா, அப்பம்மா, யேசுதாசன் மாமா. திரும்பி வந்து இருக்கப் போனேன்.

"கிறிஸ்துநாயகம் கிருசாந்தன்."

யாரும் எழும்பவில்லை. அங்கிளும் நின்றுவிட்டார் — வாசித்த பிறகுதான் அவருக்கே கேட்டிருக்கவேண்டும். எவ்வளவு நேரம்? ஐந்து விநாடி இருக்கும். பிறகு சபை வழக்கப்படி இறந்தோருக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைச் சொல்லி முடித்தது. இருநூறு பேர் சேர்ந்து என் அண்ணாவைச் சாகச் சொன்னமாதிரி.

அம்மா நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பூசை முடியும்வரை இருந்தார். நற்கருணை வாங்கினார்.

இன்று காலையில் அங்கிள் ஃபோன் எடுத்தார். அம்மா வரவில்லை, நான் பேசினேன்.

"பிள்ளை, அம்மா என்ன செய்யிறா?"

"சமைக்கிறா அங்கிள்."

"அது நல்லது. இல்லை, நல்லதோ தெரியாது. மகள், நான் உறையிலை கிடந்ததைத்தான் அடிச்சனான். கண் தெரியாமல் அடிச்சனோ எண்டு சப்பாத்துப் பெட்டியிலை இருந்து உங்கடை உறையை எடுத்துப் பாத்தன்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அஞ்சு பேர் கிடக்கு மகள். உன்ரை எழுத்து."

அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரியாதா? ஒன்பது தரம் எழுதிய கை பத்தாம் தரமும் எழுதிவிட்டது. அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படித்தானா?

"நீ ஒண்டும் சொல்லாதை," என்றார். "நான் கொம்பியூட்டரிலை வரி மாறிப்போச்செண்டு அம்மாட்டைச் சொல்லுறன். எனக்கு ஏச்சு விழுந்து பழக்கம். பஸ் ஓட்டினவன்தானே."

நவம்பர் 5, புதன்

அங்கிள் ஒரு தட்டு கேக்கோடு வந்து, கதவடியில் நின்று, எக்செல் மேல் பழியைப் போட்டு மன்னிப்புக் கேட்டார். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார்.

"பரவாயில்லை அண்ணை. மெசினுக்கு என்ன தெரியும்."

நான் சமையலறைக்குள் நின்றேன். வெளியே வெள்ளைக்காரரின் நவம்பர் ஐந்துப் பட்டாசு வெடித்தது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அம்மா யன்னல் இல்லாத நடையில் கதிரை போட்டு இருப்பார். இந்த முறை அங்கேயும் போகவில்லை.

நவம்பர் 8, சனி

நான் அதை வேண்டுமென்று எழுதவில்லை.

ஆனால் இது முடியவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லையா? நினைத்திருக்கிறேன். ஒரு மே மாதமாவது அந்தக் கோடு போட்ட தாள் வீட்டில் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். யாராவது என்னிடம் எத்தனை சகோதரர் என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லவேண்டும் என்று. இரண்டில் ஒரு கட்டம். எதுவானாலும் சரி.

கை மனதைக் கேட்டுத்தான் எழுதுகிறதா?

நவம்பர் 11, செவ்வாய்

பதினொரு மணிக்கு நூலகத்தில் இரண்டு நிமிட மௌனம். எல்லோர் சட்டையிலும் சிவப்புக் கடதாசிப் பூ. இந்த நாடு தன் படைவீரரின் பெயர்களை ஒவ்வொரு ஊரிலும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. எங்கள் தெரு முனையிலும் ஒரு கல் இருக்கிறது. இந்தக் கணக்கில் வராத எத்தனையோ பேர் இந்த நாட்டால் செத்திருக்கிறார்கள், அதுவும் தெரியும். இருந்தாலும் பொறாமையாக இருந்தது. கல்லைப் பார்த்துப் பொறாமைப்படுகிற நிலை.

அம்மா இன்று வேலையிலிருந்து அந்தப் பூவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஆருக்கு அம்மா என்று கேட்டேன். "தந்தினம், குத்தினன்" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இன்று கோயிலில் யாக்கோப்பு அங்கிளை யாரோ ஒரு மனிசி எல்லோருக்கும் முன்னால் பிடித்து ஏசினா. உயிரோடு இருக்கிற பிள்ளையைச் சாகடித்த மனிசன் என்று. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி, பிழைதான் தங்கச்சி" என்று நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஏலாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கோட் கழற்றாமலே சொன்னேன். அம்மா, அது அங்கிள் இல்லை. நான். படிவத்தை எழுதிப்போட்டு உறையை எழுதினனான், கை தன்பாட்டிலை எழுதிப்போட்டுது, நான் வேணுமெண்டு செய்யேல்லை அம்மா. தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்தேன்.

அம்மா மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்."

"அங்கிள் சொன்னவரோ?"

"அவர் என்னத்தைச் சொல்லுறது. உறையைக் கோயிலிலை குடுத்தது ஆர்? நான்தானே. குடுக்க முந்திப் பஸ்ஸிலை ஒருக்கா எடுத்து வாசிச்சனான்."

நான் கதிரையில் இருந்தேன். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கிழிக்கத்தான் நினைச்சன். ரூட்டிங் புரோட்வே வரைக்கும் கையிலை வைச்சிருந்தன். பிறகு — ஒருக்காக் கேட்டுப்பாப்பம் எண்டு. கொழும்புக்காரன் ரெண்டு பெட்டி போட்டு அனுப்பியிருக்கிறான். ஒண்டிலை புள்ளடி போட முந்தி, அது எப்பிடிக் கேக்குமெண்டு எனக்குத் தெரிய வேணுமெல்லோ. எல்லாரும் எனக்காகக் குனிஞ்சு குனிஞ்சு பதினாலு வருசம். ஒருத்தரும் எனக்கு முன்னாலை அதைச் சொன்னதில்லை."

"கேட்டீங்களோ?"

"கேட்டன். அப்பான்ரை பேரை வாசிச்சாப்போலை என்ரை கால் தானா எழும்பப் பாத்தது. உன்ரை மாமான்ரை பேருக்கும். இவன்ரை பேருக்குக் கால் எழும்பேல்லை."

பட்டையைச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"செத்திருக்க மாட்டானெண்டு நான் சொல்லேல்லை பிள்ளை. எனக்கும் மூளை இருக்கு. ஆனா அதைச் சொல்ல வேண்டிய ஆள் நானில்லை."

பிறகு சிரிப்புமாதிரி ஒன்று. சிரிப்பில்லை.

"அண்டைக்கும் நான்தான் கூட்டிக்கொண்டுபோய்க் குடுத்தனான். இண்டைக்கும் நான்தான் உறையைக் குடுத்தனான். ரெண்டு தரமும் ஒருத்தரும் ஒரு துண்டு தரேல்லை."

நவம்பர் 17, திங்கள்

அங்கிளிடம் அம்மாவே ஃபோன் எடுத்துப் பேசினார். நான் கேட்ட பாதி: "வரி மாறினதோ? அண்ணை, உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியாது, எக்செலும் தெரியாது. கேக்குக்குச் சீனி கூட."

நவம்பர் 25, செவ்வாய்

தூதரகம்.

அம்மா கோயில் சேலை, மேலே கறுப்புக் கோட். வாசலில் ஒருதரம் நின்றார். 2011-இலிருந்து இந்தத் தெருப் பக்கம் வரமாட்டேன் என்றிருந்தவர். நான் கையைப் பிடிக்கப் போனேன். "விடு. நான் நடப்பன்."

உள்ளே சனம். பிறப்புப் பதிய வந்த ஒரு சோடி, குழந்தை கத்திக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டுக்கு வந்த மாணவர்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம், மூன்றும் ஒரே வரிசையில். எங்கள் இலக்கம் 41. சுவரில் கடற்கரை, தேயிலை, யானை.

அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்.

"அம்மா, இங்க அடையாளம் போடவில்லை."

"ஓம் தம்பி. போடேல்லை."

"ஒன்று போட வேண்டும். இது, இல்லாவிட்டால் இது."

"தம்பி, ஒரு சாமானை ஒரு ஆளிட்டைக் குடுத்தா, அது உடைஞ்சுதோ துலைஞ்சுதோ எண்டு ஆர் சொல்லோணும்? குடுத்தவளோ, வாங்கினவரோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "விளங்கியது" என்றார்.

அம்மா பையிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தார். அது என் எழுத்தில்லை. பட்டை கட்டிய கையால் தானே எழுதியது, நண்டு நடந்தமாதிரி. எனக்கும் காட்டவில்லை. கண்ணாடிக்கு அடியால் தள்ளினார். நான் தலைகீழாக வாசித்தேன்.

'நான் இலங்கைப் பிரசை. என் மகன் கிருசாந்தனும் இலங்கைப் பிரசை. 2009 மே மாதம் அரசாங்கம் கேட்டபடி அவனை அரசாங்கத்திடம் கையளித்தேன். அவன் இறந்ததாகவோ காணாமல்போனதாகவோ நான் சொல்ல முடியாது. பொறுப்பெடுத்தவர்கள் எழுத்தில் சொல்லவேண்டும். அதுவரை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.'

ஒரு மாதமாக நான் மூன்று நாட்டு அரசியலமைப்பில் தேடிய சொல். பொறுப்பு. அம்மா அதைக் குளிர்பெட்டிக்கு மேலிருந்து எடுத்தமாதிரி எழுதியிருக்கிறார்.

அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இருபத்தைந்து நிமிடம். குழந்தை நித்திரையாகிவிட்டது. திரும்பி வந்தவர், இதைச் சத்தியக்கடதாசியோடு இணைப்பாக அனுப்பலாம், கட்டம் வெறுமையாக இருப்பதால் கொழும்பில் என்ன முடிவெடுப்பார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அம்மா சத்தியம் செய்தார். ஒப்பமிட்டார். முத்திரை விழுந்தது.

"தம்பி, எனக்கு ஒரு துண்டு வேணும்."

"துண்டு?"

"வாங்கினதெண்டு."

அவர் ஒரு பற்றுச்சீட்டை அச்சடித்துத் தந்தார். திகதி, இலக்கம், ஒரு வரி: இணைப்பு 1, கடிதம். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து இருமினார்.

"கடவுச்சீட்டும் புதுப்பிக்கோணும்," என்றார் அம்மா. "அதுக்கு எந்த யன்னல்?"

நவம்பர் 26, புதன்

துண்டு அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. 

டிசெம்பர் 21, ஞாயிறு

மாதாந்த உறை. நான் எழுதவில்லை. அம்மாவுக்குக் கை சுகம், தானே எழுதினார். யாக்கோப்பு அங்கிள் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை பார்த்துவிட்டு வாசித்தார். கிருசாந்தனின் நலனுக்காக.

நான் முதன்முறையாகக் குனியவில்லை.

பெப்ரவரி 12, 2026, வியாழன்

கொழும்பிலிருந்து கடிதம். அம்மாவின் இணைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோப்பை மூடியதாகவும் இல்லை. ஏப்ரல் 21, மன்னாரில் விசாரணை, முறைப்பாட்டாளர் நேரில் வரவேண்டும். கடிதம் தமிழில் இருந்தது. பிழைகளோடு, ஆனால் தமிழில்.

"போய் என்ன கிடைக்கும் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கிடைக்காது. போகாட்டி, வரேல்லை எண்டு எழுதிப்போடுவாங்கள்."

மார்ச் 3, செவ்வாய்

அம்மாவின் கடவுச்சீட்டு வந்துவிட்டது. படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறார். பத்து வருடத்துக்குச் செல்லும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர் பிரசைகள் வரிசையில் போவார். நான் மற்ற வரிசையில் நிற்பேன்.

இன்று பின்னேரம் என் விசாவுக்கு இணையப் படிவம் நிரப்பினேன். பயணத்தின் நோக்கம் என்ற கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. சுற்றுலா. மருத்துவம். விளையாட்டு. உறவினரைப் பார்த்தல். கடைசியை அழுத்தினேன். இலங்கையில் நீங்கள் பார்க்கப்போகும் உறவினரின் விலாசம் என்று அடுத்த கட்டம் வந்தது. வெறுமையாக விட்டால் மேலே போகாது.

அம்மா கழுவு தொட்டியில் பானை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உறவினரைப் பார்க்கப் போறன் எண்டு போட்டிருக்கிறன். விலாசம் கேக்குது. என்னத்தைப் போட?"

தண்ணீரை நிறுத்தவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஆரிட்டைக் குடுத்தனான்? அவையின்ரை விலாசத்தைப் போடு."

கொழும்புக் கடிதத்தை எடுத்து, மேலே அச்சடித்திருந்த விலாசத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். படிவம் ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கம் போனது.